வீடு விற்கிறவள் சொல்லக் கூடாத பதில்

1

வீடு விற்கிற லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் சில வருடங்களுக்கு ஒருமுறை வகுப்பில் போய் உட்கார வேண்டும். பிழைப்பு அமெரிக்காவில் என்றாலும் இதில் மட்டும் நம்மூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் தோற்றுவிடும். தலை எண்ணுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள், காபி கொடுப்பார்கள், காபி நன்றாக இருக்காது. சென்ற மாதம் போயிருந்தேன்.

பாடம் எடுத்த அம்மாள் எங்கள் கவுண்டியின் வரைபடத்தைத் திரையில் போட்டார். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. தர்மபுரி மாவட்டத்துக்குள் பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று இருப்பதுபோல இதற்குள்ளும் சில நகரங்கள் இருக்கின்றன. அந்தப் படத்தில் ஊர்ப் பெயரும் இல்லை, ரோடும் இல்லை, வெறும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் மனிதர்கள் என்றார். வெள்ளைக்காரர்களுக்கு நீலம், கறுப்பர்களுக்குப் பச்சை, ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு ஆரஞ்சு, எங்களைப் போன்ற ஆசியாக்காரர்களுக்குச் சிவப்பு.

புள்ளிகள் அங்கங்கே கலந்து கிடக்கும் என்றுதானே நினைப்போம். அப்படி இல்லை. மலைச்சரிவு முழுக்க நீலமாக இருந்தது. தண்டவாளத்தைத் தாண்டியதும் யாரோ கத்தியால் வெட்டியதுபோலப் பச்சை தொடங்கியது. இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று அந்த அம்மாள் கேட்டார். வீட்டு விலை வித்தியாசம் என்றார் ஒருவர். அவரவர் ஆட்களோடு இருப்பதுதானே யாருக்கும் பிடிக்கும் என்றான் ஒரு இளவட்டம், ஏதோ ஐஸ்கிரீம் பற்றிச் சொல்கிற மாதிரி.

என்னிடமும் கேட்டார். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, நான் பிறந்த ஊருக்கும் இப்படி ஒரு படம் போடலாம், இத்தனை கலர் கூட வேண்டாம், இரண்டு போதும் என்றேன். இந்தியாவில் நீங்கள் எல்லோரும் ஒரே இனம்தானே என்று அவர் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து இடைவேளை விட்டுவிட்டார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அந்த அம்மாள் மீது இல்லை. அந்தச் சமயம் தர்மபுரியில் நடந்துகொண்டிருந்த ஒரு விஷயத்தின் மீது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

எங்கள் நகரங்களின் உண்மையான பெயரைச் சொல்ல மாட்டேன். இங்கே தமிழ் ஆட்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற பெயர்களே போதும்.

மேட்டு நகரம் என்பது மலைச்சரிவில் இருப்பது. பழைய பணம், பழைய மரங்கள், பழைய வெள்ளைக்காரர்கள். அங்குள்ள வீடுகளின் பழைய பத்திரங்களைப் புரட்டினால், இந்த மனையை வெள்ளையர் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது, வேலைக்காரராக இருந்தாலொழிய மற்றவர்கள் இங்கே தங்கவும் கூடாது என்று பச்சையாக எழுதியிருக்கும். இப்போது அது செல்லாது. செல்லாது என்று மேலே ஒரு தாள் வைத்துத் தைத்திருப்பார்கள். அடியில் அந்த வரி அப்படியே இருக்கும். அதற்கு அடுத்தது தோட்ட நகரம். ஒரு காலத்தில் பழத்தோட்டங்கள் இருந்த இடம். இப்போது நம்மவர்களும் சீனர்களும். ரயிலடி நகரத்தில் கறுப்பர்கள். தங்களுக்கு வேறெங்கும் வீடு விற்காத காலத்தில் அங்கே வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். வாய்க்கால் பக்கத்து நகரத்தில் மெக்சிகோவிலிருந்து வந்து நம் வீடுகளின் கூரையையும் புல்லையும் பராமரிக்கிறவர்கள். நாலு ஊரும் கைக்கெட்டுகிற தூரம்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோகத்தான் ஒரு தலைமுறை ஆகிறது.

வீடு விற்கிறவளுக்கு இங்கே ஒரு சட்டம் உண்டு. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள், என்ன இனம், என்ன மதம் என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் லைசென்ஸ் போய்விடும். வெள்ளைக்காரர்கள் இதைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். நம் ஆட்கள் காரில் ஏறி உட்கார்ந்ததும் நேராகவே கேட்பார்கள், நம்ம ஆளுங்க இருக்காங்களா என்று. சொல்லக் கூடாது, நீங்களே ஒருநாள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். வந்து பார்ப்பார்கள், அதில் கெட்டிக்காரர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனையில் காரை நிறுத்திக்கொண்டு, சுடிதாருக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட பெண்கள் நடை போகிறார்களா என்று காத்திருப்பார்கள். வாசலில் செருப்பு கிடக்கிறதா, நிலைப்படியில் பிளாஸ்டிக் மாவிலை தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு கணவன் மனைவி கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, தாளிக்கிற வாசனை வருகிறதா என்று முகர்ந்தார்கள். அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

ரயிலடி நகரத்தில் இதே அளவு வீடு பாதி விலைக்குக் கிடைக்கும். காட்டட்டுமா என்றால் ஐயோ வேண்டாம், ஸ்கூல் சரியில்லை என்பார்கள். ஸ்கூல் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். என் மகள் யாழினியின் நெருங்கிய சிநேகிதி அந்த நகரத்துப் பெண். பிறந்தநாளுக்கு அவள் வீட்டில் கூப்பிட்டபோது மற்றத் தமிழ் அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தது. யாழினி மட்டும்தான் போனாள். அன்றிலிருந்து தமிழ்ச் சங்க விழாவுக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3

நான் பிறந்தது பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டில் ஒரு கிராமம். சரியாகச் சொன்னால் கிராமத்துக்கு வெளியே, காலனி. பஸ் ஊருக்கு முன்னால் நிற்கும். அங்கிருந்து ஓடையைத் தாண்டி நடந்து வர வேண்டும். ஊர் என்றால் அது, காலனி என்றால் இது. வேறு எந்த வரைபடமும் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

மாவட்டமே அப்படித்தான். தெலுங்கு பேசுகிறவர்களுக்கு ஒரு தெரு, கன்னடம் பேசுகிறவர்களுக்கு ஒரு தெரு, டவுனில் பாய்மார்களுக்குக் கடைவீதியை ஒட்டி இரண்டு தெரு, வத்தல்மலைக்காரர்கள் மலையிலேயே இருந்துகொள்ள வேண்டும். இவர்களுக்குள் ஆயிரம் சில்லறைச் சண்டை உண்டு. ஆனாலும் ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பார்கள், கல்யாணத்துக்கு மொய் வைப்பார்கள், வீடு வாடகைக்கு விடுவார்கள். எல்லோரும் சேர்ந்து ஒதுக்குவதற்கென்று எங்களை வைத்திருக்கிறார்கள்.

ஊரைப் பற்றி எழுதுகிற அமெரிக்கத் தமிழர்கள் வேப்பமரத்து நிழல் என்பார்கள், மண்வாசனை என்பார்கள். அந்த மரம் எந்தத் தெருவில் இருந்தது என்று ஒருத்தரும் எழுதுவதில்லை. எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. என்னை அங்கே கட்டிவைத்திருப்பது அப்பா ஒருவர்தான்.

4

அப்பா மின்சார வாரியத்தில் இருந்து ரிடையர் ஆனவர். இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் தர்மபுரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவரை என் தம்பி சங்கர் பார்த்துக்கொள்கிறான். பணம் அனுப்ப நான் இருக்கிறேன், கார் இருக்கிறது, ரோடும் இப்போது பரவாயில்லை. அதெல்லாம் போகும்போது. திரும்பும்போது அவர் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். ஒருநாள் இண்டூரைத் தாண்டி வரும்போது கையில் ஊசி குத்திய இடம் திறந்துகொண்டது. சங்கர் காரை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தபோது வேட்டியெல்லாம் ரத்தம். இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே ரோட்டில் போகிற வண்டிகளைக் கூப்பிட்டிருக்கிறான். யாரோ ஒரு லாரிக்காரர் இறங்கி, காரை ஓட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டார்.

இவ்வளவு தூரம் இவர் தாங்க மாட்டார், பக்கத்திலேயே ஒரு வீடு பாருங்கள், அடுத்த தடவை நேரத்துக்கு வந்து சேர்வீர்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சங்கர் தர்மபுரி டவுனில் வீடு தேட ஆரம்பித்தான். ஆஸ்பத்திரிக்குப் பக்கம், கீழ்த்தளம், மேற்கத்திய கழிப்பறை. வேறெதுவும் வேண்டாம். வாடகை எவ்வளவு கேட்டாலும் தருகிறோம். டு-லெட் போர்டு தொங்குகிற வீடுகளுக்குப் போவான். போர்டைக் கழற்ற மறந்துவிட்டோம் என்பார்கள். மறுவாரம் அந்த வழியாகப் போனால் போர்டு அங்கேயே தொங்கும்.

வீடு விற்பது என் தொழில். அப்பாவுக்கு ஒரு வாடகை வீடு பிடிக்க முடியவில்லை.

5

இந்தச் சமயத்தில்தான் சிவகுமாரும் அவர் மனைவி கவிதாவும் என்னிடம் வீடு வாங்க வந்தார்கள். சிவகுமாருக்குக் கம்பைநல்லூர்ப் பக்கம். நல்ல வேலை, நல்ல சம்பளம், பேச்சில் பணிவு. நான் தர்மபுரி மாவட்டம் என்று தெரிந்ததும் கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம்ம மாவட்டத்துல இருந்து இத்தன தூரம் வந்து ஒரு பொம்பள வூடு விக்கிறீங்களேக்கா, பெருமையா இருக்கு என்றாள். வாரா வாரம் எனக்கு ராகிக் களியும் புளிச்சாறும் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகச் செய்வாள்.

பென்னாகரத்துல எந்தப் பக்கங்க்கா என்று இடையில் ஒருநாள் கேட்டாள். ஒகேனக்கல் ரோடு என்றேன். அவள் கேட்டது ரோட்டை அல்ல. ரோடு போதுமென்று நினைத்தேன்.

அவர்களுக்கு மேட்டு நகரத்தில்தான் வீடு வேண்டும். தோட்ட நகரத்தில் நம்ம ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள், மதிப்பு இறங்கிவிடும் என்றார் சிவகுமார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வீடு தேடினேன். சுற்றுகிற நேரத்தில் அப்பா கதையைச் சொல்லியிருக்கிறேன் போல. கேட்ட உடனே சிவகுமார் காரை நிறுத்தச் சொன்னார்.

"அக்கா, எங்க வூடே டவுன்ல காலியாத்தான் கெடக்குது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போலாம். அப்பாகிட்டச் சொல்லிடறேன். வாடகையெல்லாம் பேசாதீங்க."

அந்த நிமிடம் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்.

மறுநாளே சங்கர் அப்பாவைக் காரில் உட்காரவைத்துக்கொண்டு போனான். சிவகுமாரின் அப்பா பக்கத்துத் தெருவிலிருந்து சாவியோடு வந்தார். வாங்க தம்பி, வாங்க என்று ஏக மரியாதை. வீட்டைத் திறந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினார். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். பின்கட்டுக்கு வந்ததும் ஊர் எது என்று கேட்டார். சங்கர் சொன்னான். ஊருக்குள்ளங்களா என்று கேட்டார். இல்லை சார், காலனி என்றான் சங்கர். அவனுக்கு இதில் சுற்றி வளைக்கத் தெரியாது. அவனை நான் அப்படி வளர்க்கவும் இல்லை.

பெரியவர் முகம் மாறவில்லையாம். முதலில் பின்கதவைப் பூட்டினார். பிறகு முன்கதவைப் பூட்டினார். மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாயந்திரம் சொல்கிறேன் என்றார். அப்பா காரில் இருந்து இறங்கவே இல்லை. சாயந்திரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து சிவகுமாரிடமிருந்து எனக்கு வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது. சொந்தக்காரர்கள் குடிவந்துவிட்டார்களாம், சாரிக்கா என்று கூப்பிய கைகளின் படம் ஒன்றும் போட்டிருந்தார். ராகிக் களியும் அதோடு நின்றது.

யாழினியிடம் சொன்னேன். கேஸ் போடு என்றாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் கோர்ட்டை மளிகைக் கடை மாதிரி நினைக்கிறார்கள். என்னவென்று போடுவது? பெரியவர் மாட்டேன் என்று சொல்லவில்லையே. யாருமே சொல்வதில்லை. அதுதான் இந்த வித்தையே. வீடு இல்லை என்று சொல்லாமலே இல்லை என்று ஆக்கிவிடுவது.

6

மேட்டு நகரத்தில் அவர்களுக்கு ஒரு வீடு பிடித்துப்போயிற்று. நான் என் வேலையைச் செய்தேன். கோபத்தைக் கமிஷனில் காட்டுகிறவள் நான் இல்லை. சொன்ன விலைக்கு மேலேயே தருவதாக எழுதிக் கொடுத்தார்கள், முன்பணம் தாராளம், குறை சொல்ல எதுவும் இல்லாத விண்ணப்பம். கவிதா அந்த வீட்டின் பழைய பத்திரத்தில் அந்த வரியைப் பார்த்துவிட்டு மனுசங்களா இவங்க என்று கொதித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டைக் காட்டிய அன்று, விற்கிறவர் பக்கத்து ஏஜெண்டு என்னைத் தனியாக நடைவழியில் நிறுத்தினார். சிரித்த முகம். இந்தத் தெருக்காரர்களுக்குத் தெரு எப்போதும் போல இருக்க வேண்டும் என்று ஆசை, உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன், அந்தக் குடும்பத்துக்குத் தோட்ட நகரம் இன்னும் பொருத்தமாக இருக்குமே என்றார். புரிந்தது. சொல்லக் கூடாததை அவர் முக்கால்வாசி சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில், வீட்டுக்காரர்கள் வேறு விதமாக முடிவுசெய்திருக்கிறார்கள் என்று ஒரு மின்னஞ்சல். வீடு இன்னொருவருக்குப் போயிற்று, குறைந்த விலைக்கு. அவர்கள் வெள்ளைக்காரர்கள்.

சிவகுமார் குதித்தார். இத்தனை வருடம் வரி கட்டியிருக்கிறேன், குடியுரிமை வாங்கியிருக்கிறேன், என் பணம் மட்டும் இளக்காரமா என்றார். புகார் கொடுக்க வக்கீல் பிடித்துவிட்டார். நடைவழியில் ஏஜெண்டு சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நான். என் வாக்குமூலம் இல்லாவிட்டால் புகார் நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

7

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். வக்கீல் தயார்செய்த தாள் கையில் இருந்தது. கவிதா பூ வைத்துக்கொண்டு பழத்தட்டோடு வந்தாள். யாழினி சாப்பாட்டு மேஜையில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். எங்களுக்கு ஞாயிறு சாயங்காலம் என்றால் அங்கே திங்கட்கிழமை காலை. திங்கள் அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். சங்கர் அவரைக் காரில் ஏற்றிக் கிளம்பியிருப்பான்.

சிவகுமார் ஒரு மூச்சுப் பேசினார். இது பணத்துக்காக இல்லை, மானத்துக்காக என்றார். நாளைக்கு நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு மூடியிருக்கக் கூடாது என்றார். எல்லாமே சரியான பேச்சு. ஒரு வார்த்தைகூட நான் மறுக்க மாட்டேன். தாளை வாங்கிப் படித்தேன். நான் கேட்டதைத்தான் எழுதியிருந்தார்கள், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னாடி உங்கப்பாவுக்கு ஒரு போன் போடுங்க" என்றேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கவிதாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா இந்நேரம் தோட்டத்துக்குப் போயிருப்பார் என்றார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்றார். பிறகு குரலை இறக்கி, வூட்டு விஷயம் ஊர்ல பெரியவங்க பாத்துக்கறதுங்க்கா, இதுல நான் என்ன பண்ண முடியும் என்றார். உங்களுக்கே நம்ம ஊர் நிலவரம் தெரியுமே என்று அதோடு ஒன்றைச் சேர்த்தார்.

கவிதா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க முன்னாடியே சொல்லிருக்கலாங்க்கா."

"எதை?"

அவள் தட்டிலிருந்த ஆப்பிளை நகர்த்திவைத்தாள். எதை என்று சொல் கவிதா என்றேன் மறுபடியும். சொல்லவில்லை. நான் கேட்டுப் பழகிய மௌனம்தான். ஆனால் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு அதை யாரும் எனக்குத் தந்ததில்லை.

பெரியவரின் நம்பர் என்னிடம் இருந்தது. வீடு பார்க்கப் போனபோது சங்கர் அனுப்பியிருந்தான். நானே போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, போனை வக்கீல் தாளின் மேல் வைத்தேன். சிவகுமார் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார் பெரியவர். காது நன்றாகவே கேட்டது.

நான் இன்னார் என்று சொன்னேன். அமெரிக்காவில் உங்கள் மகனுக்கு வீடு பார்க்கிறவள், பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் காலனி, அன்று வந்த சங்கரின் அக்கா என்றேன். சொல்லுங்கம்மா என்றார். கோபமே இல்லாத குரல். பின்னால் மாடு கத்துகிற சத்தம் கேட்டது. ஐயா, சாமி எல்லாம் எங்கள் தாத்தாவோடு போயிற்று. நான் சார் என்றுதான் கூப்பிட்டேன்.

"வூடு இன்னும் காலியா இருக்குதுங்களா சார்?"

மாட்டைத் தள்ளிக் கட்டச் சொல்லி யாரிடமோ சொல்லிவிட்டு வந்தார்.

"காலியாத்தான் இருக்குதும்மா."

கவிதா கண்ணை மூடிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் யாரும் குடிவரவில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"எங்கப்பாவுக்குக் குடுப்பீங்களா?"

அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஒரு வகையில் அந்த மனிதரை மெச்ச வேண்டும். மாவட்டத்தில் இத்தனை வாசலுக்குப் போய்வந்தான் என் தம்பி, வாயைத் திறந்து பதில் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"குடுக்க மாட்டம்மா. தப்பா நெனைக்காத. உன் தம்பி நல்ல பையன். அந்தத் தெருவுல நாளைக்கித் தலை காட்ட வேண்டியவன் நானு. ஏன்னு உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும் சார். உங்க மகன் இங்கதான் பக்கத்துல உக்காந்திருக்காரு. அவருக்கும் இங்க ஒருத்தரு வூடு குடுக்க மாட்டேன்னுட்டாரு. கேஸ் போட என்கிட்டக் கையெழுத்துக் கேக்கறாரு. ஏன் குடுக்கறதில்லைன்னு அவருக்குக் கொஞ்சம் சொல்லுங்க."

பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டேன். அவருக்காக இல்லை. நடைவழியில் சிரித்துக்கொண்டே சொன்னாரே, அந்த ஏஜெண்டுக்காக. நான் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது. யாழினி எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் அவளுக்கு முழுசாகப் புரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று ஒரு சொல்லும் தப்பவில்லை என்று அவள் முகமே சொன்னது.

போனில் பெரியவரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"சிவா, அங்க இருக்கியா? ஒனக்கு எவன்டா வூடு இல்லைங்கறது?"

"வெள்ளக்காரங்கப்பா" என்றார் சிவகுமார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பணங்காசு இல்லைங்கறானா?"

"இல்லப்பா. பணமெல்லாம் அவங்க கேட்டதுக்கு மேலயே குடுக்கறதாச் சொன்னோம்."

"பின்ன நம்மளப் போயி ஏண்டா வேணாங்கறான்?"

கையெழுத்துப் போட்ட தாளைச் சிவகுமார் பக்கமாக நகர்த்தி வைத்தேன், போன் அதன் மேலேயே இருந்தது. ஏண்டா, நம்மளுக்கு என்னடா கொறைச்சல் என்று பெரியவர் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார்.